வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள்: சாட்ஸ்வொர்த் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு 36 வயது. அறிவுசார் குறைபாட்டோடு பிறந்தவன். 9 வருடமாக டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு காய்கறிக் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். நான் கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்கள் தம்பியை எப்படி அக்கா வேலைக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்பார். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் சட்டமும் கிராண்டும் (அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) சம்பந்தப்பட்ட விஷயங்கள் இந்த நாட்டுக்கு மட்டும் பொருந்தும், மற்றவை எங்கேயும் பொருந்தும்.

எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பிறப்பிலோ சிறு வயதிலோ தொடங்கி வாழ்நாள் முழுக்க இருக்கும் வளர்ச்சிசார் குறைபாடுகள். அறிவுசார் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், பெருமூளை வாதம் இதெல்லாம் அதில் வரும். மனநோய் வேறு, இது வேறு. நம் ஊரில் இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், வேலை கேட்டுப் போகும் இடத்திலும் அதே குழப்பம் வருகிறது. முதலில் அதை நீங்களே தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் வரையறையில் அறிவுசார் குறைபாடு என்ற சொல்லே நேரடியாக இருக்கிறது.

என் மகனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவனுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். யாரும் சொல்லாமலே அவன் என்ன செய்கிறான்? எதில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாமல் இருக்கிறான்? எந்தச் சத்தம், எந்தச் சூடு, எவ்வளவு கூட்டம் அவனைக் கலைக்கிறது? காலையில் நன்றாக இருக்கிறானா, மத்தியானமா? ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். பள்ளி தந்த அறிக்கையையும் டாக்டர் சான்றிதழையும் அந்த இரண்டு வாரம் பீரோவில் வையுங்கள், ஏனென்றால் அவற்றில் இருப்பது முழுக்க அவனால் முடியாதவற்றின் பட்டியல்தான்.

ஒரு தாய் என்னிடம் "ஒன்றுமே தெரியாது அக்கா, அவனுக்கு ஒன்றுமே தெரியாது" என்று அழுதார். பேசிக்கொண்டே போகும்போது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கோயில் டம்ளர்களை யாரும் கேட்காமலே வரிசையாக அடுக்குவது அவர் மகன்தான் என்று சொன்னார். வரிசைக்கு 12. அவனுக்கு 12 என்ற எண் தெரியாது, ஆனால் ஒரு டம்ளர் குறைந்தால் வரிசை "சரியில்லை" என்று தெரியும், கோயில் முழுக்கத் தேடி எடுத்து வந்து வைப்பான். இது ஒன்றும் தெரியாத பிள்ளையா? இப்போது அந்தப் பையன் ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரப் பகுதியில் இருக்கிறான். கழுவி வந்த தட்டுகளில் கறை இருந்தால் அவன் கண்ணுக்குத் தப்பாது.

எல்லைக்கோட்டை நாம் முன்கூட்டியே போடக் கூடாது என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். புளூம்ஃபொண்டைனின் ஷெரி பிரைனார்ட் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர், ஆசிரியர் பட்டயம் வாங்கிப் பள்ளியில் வேலை பார்த்தவர். எல்லாரும் அவரைப் போல ஆக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. "டவுன் சிண்ட்ரோம் என்றால் இவ்வளவுதான்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம், அதற்காகச் சொல்கிறேன்.

முதலில் நன்றாகப் பயிற்சி கொடுத்து, அப்புறம்தானே வேலைக்கு அனுப்ப வேண்டும்?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 6 வருடம் வீணாகப் போனது. தம்பி குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் கரண்டிகளைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தான், ஒவ்வொரு வருடமும் "இன்னும் தயாராகவில்லை" என்றார்கள். எதற்குத் தயார் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் கஷ்டம். பயிற்சி மேஜையில் கற்ற வேலை கடையின் மேஜையில் வராது, அங்கே வெளிச்சமும் சத்தமும் ஆட்களும் வேறு. அதனால் வேலை நடக்கும் இடத்திலேயே, அந்த வேலையையே, பக்கத்தில் ஒருவர் நின்று கற்றுக்கொடுப்பதுதான் பலன் தருகிறது. அமெரிக்காவில் 1980-களிலேயே "முதலில் பயிற்சி, பிறகு வேலை" என்பதைத் தலைகீழாக மாற்றி, முதலில் வேலையில் சேர்த்து அங்கேயே பயிற்சி கொடுக்கும் முறை பரவிவிட்டது. 1996-இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய புராஜெக்ட் சர்ச் (Project SEARCH) என்ற திட்டமும் இளைஞர்களை மருத்துவமனைக்குள்ளேயே, உண்மையான பிரிவுகளில் வைத்துத்தான் பழக்கியது. பக்கத்தில் நிற்பவரை ஜாப் கோச் என்பார்கள். எங்களுக்கு ஜாப் கோச் கிடைக்கவில்லை, நானே லீவு போட்டுவிட்டு நின்றேன்.

கடையில் அவனுக்குக் கொடுத்தது கறிவேப்பிலைக் கட்டு. ஒரு கட்டு 50 கிராம். அவனுக்கு எண் படிக்க வராது என்பதால் முள் தராசின் முகத்தில் 50 இருக்கும் இடத்தில் சிவப்பு டேப் ஒட்டினோம். முள் சிவப்பைத் தொட்டால் போதும். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும், அவன் நாலு சுற்றுச் சுற்றிக் காம்பை நசுக்கிவிடுவான். மாதிரிக்கு ஒரு கட்டைச் சுவரில் மாட்டினோம், மூன்றாம் நாள் அது காய்ந்து கறுத்துப் போனது, அவனும் காய்ந்த இலையாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தான்! அதற்குப் பிறகு கடைக்கார அண்ணா தினமும் காலையில் முதல் கட்டைத் தானே கட்டி அவன் முன்னால் வைப்பார், அன்றைக்கு அதுதான் மாதிரி. முதல் வாரம் நான் நாள் முழுக்க இருந்தேன். இரண்டாம் வாரம் கொஞ்சம் தள்ளி நின்றேன். மூன்றாம் மாதத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்தேன், சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் கூடும் நாள் என்பதால் அன்றைக்குச் சரக்கு இரண்டு மடங்கு. இப்போது நான் போனால் "நீ ஏன் வந்தாய்?" என்று கேட்கிறான்.

என் மகள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறாள். அது வேலை இல்லையா?

இடத்தைப் பொறுத்தது. இந்த நாட்டில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, 1943-இல் அரசு தொடங்கிய காப்பகத் தொழிற்சாலைகள், இப்போது வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையின் கீழ் வேறு பெயரில் நடக்கின்றன, மேஜை நாற்காலியும் துணி வகைகளும் தயாரிக்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் தொழிலாளர்கள். இன்னொன்று, தொண்டு அமைப்புகள் சமூக வளர்ச்சித் துறையின் மானியத்தோடு நடத்தும் ஒர்க்‌ஷாப்கள். இங்கே போகிறவர்களைப் பெரும்பாலும் பயனாளிகளாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள், வாரக் கடைசியில் ஏதோ ஒரு சின்னத் தொகை கையில் வரும்.

அவற்றை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பகல் முழுக்கத் துணை தேவைப்படுகிறவர்களுக்கு, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். நண்பர்கள் அங்கேதான் கிடைக்கிறார்கள். ஆனால் நீங்கள் போய்க் கேளுங்கள்: போன வருடம் இங்கிருந்து எத்தனை பேர் வெளி வேலைக்குப் போனார்கள்? ஆர்டர் வராத நாளில் என்ன செய்கிறார்கள்? ஓரிடத்தில் ஆர்டர் இல்லாத நாளில் கட்டிய பைகளையே பிரித்து மறுபடி கட்டச் சொல்லியிருக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்தேன். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று நினைப்பது பெரிய தவறு. தெரியும். என் தம்பி வீட்டுக்கு வந்து "இன்றைக்குச் சும்மா வேலை" என்பான்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அவன் ஒரு நாள் போகாவிட்டால் அங்கே ஏதாவது நிற்குமா? யாராவது போன் செய்து கேட்பார்களா?

வேலைக்குப் போனால் கிராண்ட் நின்றுவிடுமே?

பல வீடுகளில் வேலைக்கு அனுப்பாததற்கு இந்தப் பயம்தான் காரணம், அது நியாயமான பயம். குறைபாட்டு கிராண்ட் 2025 ஏப்ரலில் மாதம் 2,310 ரேண்ட் ஆனது, அந்தப் பணத்தில் குடும்பமே சாப்பிடும் வீடுகள் இருக்கின்றன.

சம்பளம் வாங்கிய உடனே கிராண்ட் தானாக நின்றுவிடாது. கிராண்ட் கொடுக்கும் அரசு அமைப்பான சாசா வருமானத்தையும் சொத்தையும் பார்க்கிறது, வருமானத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறும். அந்த வரம்புக்குள் வருமானம் ஏற ஏற கிராண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டப்படி, குறைபாட்டினால் தன்னைப் பராமரிக்கும் அளவுக்குச் சம்பாதிக்க முடியாதவருக்குத்தான் இந்தக் கிராண்ட். அதனால் மறு பரிசோதனையில் "இவர்தான் வேலைக்குப் போகிறாரே" என்று கேள்வி வரலாம். எத்தனை மணி நேரம், யாருடைய துணையோடு, எவ்வளவு சம்பளம் என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கித் தயாராக வைத்திருங்கள். "சொந்தமாகப் பிழைக்க இந்தச் சம்பளம் போதாது" என்பது அந்தக் கடிதத்திலேயே தெரிய வேண்டும்.

வேலையை மட்டும் மறைக்காதீர்கள். வருமானம் மாறினால் சாசாவுக்குச் சொல்ல வேண்டியது கடமை. மறைத்துப் பின்னால் தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நிறுத்திவிட்டார்கள் என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம், 18 வயது வரை வரும் பராமரிப்புக் கிராண்ட் தானாகப் பெரியவர் கிராண்டாக மாறாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்டு மாதக்கணக்கில் பணம் இல்லாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், பிறந்தநாளுக்கு முன்பே காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

சம்பளம் எவ்வளவு கேட்கலாம்? கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் போதாதா?

போதாது. நம்மவர்களே இப்படிச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் குறைபாடு உள்ளவருக்கு என்று தனியாக மலிவுக் கூலி கிடையாது. 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ரேண்ட், ஒவ்வொரு மார்ச்சிலும் மாறுகிறது. ஒரு நாளில் 4 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை வாங்கினாலும் 4 மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும், பாதி நாள் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது முக்கியம். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் வேலையின்மைக் காப்பீடான யு.ஐ.எஃப்-பும் கட்ட வேண்டும், முதலாளி 1 சதவீதம், தொழிலாளி 1 சதவீதம்.

"வேகம் இல்லையே அக்கா, எப்படி முழுக் கூலி கேட்பது?" என்பார்கள். வேகம் தேவைப்படாத வேலையாகப் பார்த்துப் பேசுங்கள், அல்லது மணி நேரத்தைக் குறைத்துப் பேசுங்கள். கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். முதல் சம்பளத்தில் தம்பி அம்மாவுக்கு ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு வாங்கிக் கொடுத்தான். அளவு பெரிது. அம்மா கடைசிவரை அதைத்தான் போட்டிருந்தார்.

லேர்னர்ஷிப் நல்லதா?

பாதி நல்லது. வழக்கமாக 12 மாதம், படிப்பும் வேலைப் பயிற்சியும் சேர்ந்தது, மாத உதவித்தொகை உண்டு. கற்பவர், முதலாளி, பயிற்சி நிறுவனம் மூவரும் ஒப்பந்தம் போட்டுத் துறைசார் பயிற்சி ஆணையமான செட்டாவில் பதிய வேண்டும். முதலாளிக்கு வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவில் சலுகை: குறைபாடு உள்ள ஒரு கற்பவருக்கு, தேசியத் தகுதி நிலை 1 முதல் 6 வரை, ஆண்டுக்கு 60,000 ரேண்டும் முடித்தால் இன்னொரு 60,000 ரேண்டும் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

அந்தக் கழிவுக்காகவே ஆள் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தம்பியை ஒரு நிறுவனம் 12 மாதம் வைத்திருந்தது. உபகரணமே இல்லாத ஒரு ஹாலில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டது, 13-ஆம் மாதம் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டது. அவன் இரண்டு வாரம் காலையில் குளித்து உடுத்தி வாசலில் நின்றான். வேலை முடிந்துவிட்டது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? அதனால் கையெழுத்துப் போடும் முன், முடிந்த பிறகு வேலை உண்டா, போன தடவை எத்தனை பேரை நிரந்தரம் செய்தீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் மேல் சான்றிதழாக 4 லேர்னர்ஷிப் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளைஞர்கள் நம் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் இருக்கிறார்கள்.

எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. ஒருவரை எடுக்க ஆசை, ஆனால் பயமாக இருக்கிறது.

ஆசைப்பட்டதற்கே நன்றி. தயவுசெய்து பரிதாபப்பட்டு எடுக்காதீர்கள், அது ஆறு மாதம் தாங்காது, பிறகு இரு பக்கமும் மனக்கசப்புதான். உங்கள் கடையில் எப்போதும் பின்தங்கிக் கிடக்கும் வேலை எது என்று பாருங்கள். விலை ஒட்டுவது, பெட்டி மடிப்பது, இஞ்சி பூண்டு தரம் பிரிப்பது. நல்ல சம்பளம் வாங்கும் ஆள் அதில் மாட்டிக்கொண்டிருப்பார். நாலு பேரின் வேலையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்துச் சேர்த்தால் ஒருவருக்கு முழு வேலை கிடைக்கும்.

ஒரே நேரத்தில் ஒரு கட்டளை சொல்லுங்கள். "அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார், "இந்தப் பெட்டியை அந்த மேஜையில் வை" என்றால் வைப்பார். வேலைகளை வரிசையாகப் படமாக ஒட்டுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள், பதில் வரும். கடையில் ஒருவரை "எது என்றாலும் இவரிடம் கேள்" என்று காட்டிவிடுங்கள். இதற்கெல்லாம் செலவு கிட்டத்தட்ட இல்லை, சட்டமும் நியாயமான மாற்றங்கள் செய்துகொடுக்கத்தான் சொல்கிறது. 50 பேரும் அதற்கு மேலும் இருக்கும் நிறுவனங்களுக்குக் குறைபாடு உள்ளவர்களின் இலக்கு 2025-இல் 2-லிருந்து 3 சதவீதமாக உயர்ந்தது. சின்னக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் எங்களுக்கு வேலை கிடைத்தது சின்னக் கடையில்தான்.

தவறு செய்தால் சொல்லுங்கள். எல்லாரையும்போல அவரையும் திருத்துங்கள். "பாவம், விடு" என்று விட்டால் அவர் தொழிலாளி இல்லை, விருந்தாளி.

போக்குவரத்துக்கு என்ன செய்வது?

சாமர்த்தியம் இருந்தும் வேலை கைவிட்டுப் போவது பெரும்பாலும் இதில்தான். மினிபஸ் டாக்சியில் எங்கே இறங்குவது என்று குரல் கொடுக்க வேண்டும், சில்லறை முன்னால் கை மாறிப் போகும், கூட்டம், பாட்டு. ஒரே வழியில், ஒரே நேரத்தில், கூடவே போய்ப் பழக்க வேண்டும், எங்களுக்கு 5 வாரம் ஆனது. இறங்கும் இடத்தை அவன் அடையாளம் வைத்தது பெட்ரோல் பங்கின் பச்சைப் பலகையை வைத்து. ஒரு நாள் அந்தப் பலகைக்கு வேறு வண்ணம் அடித்துவிட்டார்கள், அவன் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டான். அதனால் இரண்டு அடையாளம் வையுங்கள். சட்டைப் பையில் போன் எண் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். நடந்து போகும் தூரத்தில் வேலை கிடைத்தால் மணி நேரம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

மகளை வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது. யாராவது ஏதாவது செய்துவிட்டால்?

பயம் உண்மையானது, இதில் நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஆனால் வீட்டுக்குள் பூட்டி வைத்த பெண்ணுக்குத்தான் "இது தப்பு" என்று சொல்லும் வார்த்தையே தெரியாமல் போகிறது. உடல் உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள், யார் எங்கே தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள், "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள், வீட்டில் அவள் வேண்டாம் என்றால் நீங்களும் மதியுங்கள். வேலையிடத்தில் நம்பிக்கையான ஒரு பெண்ணை அவளுக்கு அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள்.

அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் 30 நாளுக்குள், பாகுபாடு காட்டினால் 6 மாதத்துக்குள், தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ-வில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் அவசியமில்லை.

18 வயது ஆனபிறகும் நான்தானே கையெழுத்துப் போடுவேன்?

இல்லை, பலருக்கு இது தெரிவதில்லை. 18 ஆனால் அவர் சட்டப்படி பெரியவர், பெற்றோர் என்பதால் மட்டும் உங்களுக்கு அதிகாரம் தொடராது. பணத்தை நிர்வகிக்க முடியாதவருக்கு உயர் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்கலாம், அது செலவு. 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் மூலம் நிர்வாகியை நியமிக்கும் எளிய வழியும் உண்டு. ஆனால் அவசரப்பட்டு அதற்குப் போக வேண்டாம். வேலை ஒப்பந்தத்தை எளிய வார்த்தையில் படித்துக் காட்டினால் புரிந்துகொண்டு தானே கையெழுத்து வைப்பவர்கள் நிறையப் பேர். தம்பி தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போடுவான், வங்கியில் அதுதான் அவன் கையெழுத்து.

எங்களுக்குப் பிறகு?

உயில் எழுதுங்கள், சொத்தை அவர் பெயரில் நேரடியாக வைக்காமல், குறைபாடு உள்ளவருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பெஷல் டிரஸ்ட் வழியாக வைப்பதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். சாதாரண டிரஸ்டுக்கு வரி மொத்தமாக 45 சதவீதம், ஸ்பெஷல் டிரஸ்டுக்குத் தனிமனிதரைப் போலப் படிப்படியான விகிதம்தான். கூடப்பிறந்தவர்களிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கள் அம்மா போன வருடம் இறந்தார். கடைக்கார அண்ணா கடையை அரை நாள் மூடிவிட்டு எல்லாரையும் அழைத்துக்கொண்டு வந்தார், தம்பி அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தான், எங்கள் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் காலையில் எழுந்து தானாகவே கடைக்குப் புறப்பட்டான். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே நுழைந்ததும் மேஜையில் இருந்த கறிவேப்பிலைக் கட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "யார் கட்டினது?" என்று கேட்டான். "நான்தான் தம்பி, சரியாகவே வரவில்லை" என்றார் அண்ணா. அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட ஆரம்பித்தான்.